படிப்பு போக மிச்சம்

1761-ஆம் ஆண்டு மே மாதம். அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில், ஒரு விவசாயி இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்துபோனார். வயது 70. கோடையில் வயல் வேலை, குளிர்காலத்தில் காலணி தைப்பது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நேரத்தில் ஊர்ப் பொதுக்காரியங்கள் என்று வாழ்ந்தவர். அவருடைய சொத்து முழுவதையும் மதிப்பிட்டபோது 1,330 பவுண்டு 9 ஷில்லிங் 6 பென்ஸ் வந்தது. அந்தக் கடைசி 6 பென்ஸைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவன் ஜானுக்கு அப்போது வயது 25. அடுத்தவன் பீட்டர், கடைக்குட்டி எலிஹு. உயிலின்படி குடும்பம் வாழ்ந்த வீடும் அதைச் சுற்றியிருந்த நிலமும் பீட்டருக்குப் போயின. எலிஹுவுக்கும் நிலம் கிடைத்தது. இருப்பதிலேயே குறைந்த பங்கு மூத்தவனுக்கு: பக்கத்தில் இருந்த இன்னொரு வீடு, 40 ஏக்கர் நிலம். அதில் 10 ஏக்கர் வீட்டை ஒட்டியது. மிச்சம் 30 ஏக்கரில் பழத்தோட்டம், மேய்ச்சல் நிலம், காடு, சதுப்பு எல்லாம் கலந்து கிடந்தன.

காரணம் ஒன்றுதான். ஜான் ஹார்வர்டில் படித்துவிட்டான். அவனுக்கான பங்கில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஜான் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ். அப்பாவின் பெயரும் ஜான் ஆடம்ஸ்தான். குழப்பம் வேண்டாமே என்று அப்பாவை டீக்கன் ஆடம்ஸ் என்பார்கள். ஊர்த் தேவாலயத்தில் அவருக்கு இருந்த பொறுப்பு அது. டேவிட் மெக்கல்லோ 2001-இல் வெளியிட்ட ஜான் ஆடம்ஸ் வாழ்க்கை வரலாறு தலையணை அளவுக்குத் தடித்த புத்தகம். அதில் இந்த உயில் விஷயம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோய்விடும். புரட்சி, போர், அதிபர் பதவி எல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது. ஆனால் நான் அந்த இடத்திலேயே ரொம்ப நாள் நின்றுவிட்டேன். புரட்சியைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஒரு விவசாயி, மகனின் படிப்பை நிலத்தைப் போலவே ஒரு பங்காகக் கணக்கில் எழுதி, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்.

அன்றைய சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் விசித்திரம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று மாசசூசெட்ஸ் 1692-லேயே சட்டம் செய்திருந்தது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆனால் மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. பைபிளின் உபாகமத்திலிருந்து எடுத்த விதி அது. அதாவது டீக்கன் ஒன்றுமே எழுதாமல் செத்திருந்தால் ஜானுக்குத் தம்பிகளைப்போல இரண்டு மடங்கு கிடைத்திருக்கும். அவர் மெனக்கெட்டு உயில் எழுதியதால் அவனுக்குக் குறைந்தது. இது அவர் ஒருவர் மட்டும் செய்ததும் இல்லை. நியூ இங்கிலாந்து விவசாயக் குடும்பங்களில் கல்லூரிக்கு அனுப்பிய மகனுக்கு நிலத்தில் குறைத்துக் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. யாரும் அதைக் கோபமாகவோ தண்டனையாகவோ பார்க்கவில்லை.

இத்தனைக்கும் ஜானைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் டீக்கன்தான். பையனுக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காது. லத்தீன் பிடிக்காது. வயது பத்தோ என்னவோ இருக்கும்போது, என்னவாகப் போகிறாய் என்று அப்பா கேட்டதற்கு, விவசாயி என்றான். சரி, வா காட்டுகிறேன் என்று அடுத்த நாள் காலையிலேயே சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போய்க் கோரைப்புல் அறுக்க வைத்தார். நாள் முழுக்கச் சேற்றில் வேலை. சாயங்காலம், இப்போது திருப்தியா என்று கேட்டார். பையன் அசரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்றான். எனக்குப் பிடிக்கவில்லை, நீ பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாய் என்று முடித்துவிட்டார் அப்பா. பின்னாளில் ஜான் ஆடம்ஸ் தன் சுயசரிதைக் குறிப்புகளில் சிரித்துக்கொண்டே எழுதிய சம்பவம் இது.

1751-இல் ஜான் ஹார்வர்டில் சேர்ந்தான். அந்தக் காலத்து ஹார்வர்டில் மாணவர்களின் பெயரை அகரவரிசையிலோ மதிப்பெண் வரிசையிலோ போடமாட்டார்கள். குடும்பத்தின் அந்தஸ்து என்ன என்று பார்த்து வரிசை போடுவார்கள். செருப்புத் தைக்கும் விவசாயியின் மகன் அந்த வரிசையில் நுழைவதே பெரிய காரியம். ஒரு துண்டு நிலத்தைக்கூட விற்காதவர் என்று பெயர் எடுத்த டீக்கன், மகனின் படிப்புச் செலவுக்காக 10 ஏக்கரை விற்றார். மகன் பாதிரியார் ஆவான் என்று ஆசைப்பட்டார். மகன் வக்கீலானான்.

ஆக, அந்த வீட்டில் படிப்புக்கு விலை என்னவென்று எல்லாருக்கும் தெரியும். 10 ஏக்கர். அதை அப்பா மறைக்கவில்லை. தியாகம் என்று சொல்லிக்காட்டவும் இல்லை. உயிலில் நேர்செய்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து மரணத்துக்குப் பிறகான சொத்துப் பட்டியல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை நீதிமன்றம் நியமிக்கும். அவர்கள் வீட்டுக்கு வந்து அறை அறையாகப் போய் எண்ணுவார்கள். கட்டில், மெத்தை, போர்வை, பியூட்டர் தட்டு, இரும்புச் சட்டி, கலப்பை, எருது, பசு, பீப்பாயில் இருக்கும் ஆப்பிள் சாறு, பழைய புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு விலை. இறகு மெத்தை வைத்த கட்டில் பல வீடுகளில் இருப்பதிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்றாக இருக்கும். வரலாற்று ஆய்வாளர்கள் இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் அன்றைய விவசாயி எப்படி வாழ்ந்தான் என்று சொல்கிறார்கள். நான் படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றி, எண்ணி, பட்டியல் போடும் வேலை எனக்குப் பழக்கம். அதனாலோ என்னவோ, இந்தப் பட்டியல்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றில் படிப்பு இருக்காது. வீட்டுக்குள் வந்து எண்ணுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அதை எண்ணத் தெரிந்தவர் உயில் எழுதுகிறவர் மட்டும்தான்.

நமக்கு எஸ்டேட் என்றால் வேறு அர்த்தம். ஆங்கிலத்தில் ஒருவர் செத்த பிறகு விட்டுப்போகும் சொத்தை எஸ்டேட் என்கிறார்கள் என்று எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரியும். எங்கள் தாத்தா எஸ்டேட்டில்தான் வாழ்ந்தார், நாற்பது வருஷத்துக்கு மேல். விடிவதற்கு முன்னால் எழுந்து மரம் வெட்டப் போனவர். அவர் விட்டுப்போன எஸ்டேட் என்று ஒன்றும் கிடையாது. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிரிப்பதற்கு எதுவும் இல்லாததால் அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் நடுவில் சண்டையும் இல்லை. இதை ஒரு நல்ல விஷயமாகவே எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

பிரிக்க ஏதாவது இருந்த முதல் தலைமுறை நாங்கள்தான். அப்பா லோரி ஓட்டி வாங்கிய ஒரு மலிவு விலை தரைவீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். உயில் எழுதவில்லை. நம் ஊரில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. இறந்தவருக்குப் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், கணவனுக்கு அல்லது மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்று சட்டம் கேட்காது. எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். ஆளுக்கு மூன்றில் ஒன்று. கணக்கு அவ்வளவு சுலபம்.

ஆனால் வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. அக்கா எஸ்.பி.எம். முடித்ததும் ஃபேக்டரிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் நல்ல ரிசல்ட்தான். அப்பாவுக்கு அப்போது இடுப்பு வலி, லோரி ஓட்டம் குறைந்துபோயிருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருஷமும் அவள் மாதம் 300 வெள்ளி அனுப்பினாள். கல்விக் கடன் இருந்தது, ஆனாலும் விடுதி, சாப்பாடு, லேப்டாப் என்று வந்துகொண்டே இருக்குமே. 48 மாதம், 14,400 வெள்ளி. இது அவள் சொன்ன கணக்கு இல்லை. நான் எக்செல்லில் போட்டது. ஒரு நிரலில் அவள் அனுப்பிய பணம். பக்கத்து நிரலுக்கு, அவள் அந்த நான்கு வருஷம் படித்திருந்தால் என்று தலைப்பு வைத்தேன். அதற்குக் கீழே எந்த ஃபார்முலாவும் போட முடியவில்லை. காலியாகவே இருக்கிறது.

நில அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில், "தம்பிக்குத்தான் படிப்பு குடுத்தாச்சே, வீடு புள்ளைக்குப் போகட்டும்" என்றார். யாரும் பதில் பேசவில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அது சரியென்றே பட்டது. டீக்கன் ஆடம்ஸும் இதைத்தானே சொல்லியிருப்பார்? அன்று ராத்திரி அக்காவிடம், என் பங்கை உன் பெயருக்கு எழுதிவிடலாம் என்றேன். படிப்புச் செலவைக் கழித்தால் எனக்கு வர வேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை என்றும் சொன்னேன்.

"கணக்கு பாக்குறியாடா?" என்றாள்.

"கணக்கு இல்லக்கா. ஒனக்கு நியாயமா வர வேண்டியது."

கொஞ்ச நேரம் கழித்து, "எழுதி முடிச்சிட்டா அப்புறம் நான் ஒனக்கு யாரு?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பல நாள் யோசித்தேன். நம் வீடுகளில் படிப்பு என்பது எப்போதும் கொடுக்கப்படுகிறது, எப்போதும் எழுதப்படுவதில்லை. எழுதாததால் அது தீர்வதும் இல்லை. வாங்கியவன் வாழ்நாள் முழுக்கக் கடன்காரன். கொடுத்தவளுக்கு அந்தக் கடன்தான் உறவின் கயிறு. அதை அறுத்துவிடுவானோ என்று பயம். கல்யாண வீட்டில், தீபாவளியில், அம்மாவின் மருத்துவச் செலவில் என்று அந்தக் கயிறு இழுபடும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் வலிக்கும். ஆனால் என்ன தொகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அசிங்கம்.

பிரெய்ன்ட்ரீயில் அதை எழுதினார்கள். எழுதிய பிறகு அந்த அண்ணன் தம்பிகளுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்ப்பதுதான் என்னால் செய்ய முடிந்தது.

உயில் நடைமுறைக்கு வந்த அதே 1761-இல், தம்பி பீட்டருக்கு உதவி ஷெரீஃப் வேலை வாங்கிக்கொடுப்பதற்காக ஜான் அலைந்து வாங்கியும் கொடுத்தார். அண்ணனுக்குக் கிடைத்த சின்னப் பங்கால் அவருக்கும் லாபம் உண்டு: நிலம் சொந்தமாக வந்ததும் ஊர்க் கூட்டத்தில் அவர் பேச்சுக்கு எடை வந்தது. சதுப்பும் காடும் என்றாலும் நிலம் நிலம்தான். 1764-இல் அபிகெயில் ஸ்மித் என்ற பாதிரியார் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டிலேயே குடியேறினார். அவர் பிறந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்கூட இல்லை.

1774 பிப்ரவரியில் ஜான் தன் நாட்குறிப்பில் ஒரு வரவை எழுதுகிறார். அப்பாவின் வீட்டையும், களஞ்சியத்தையும், அதைச் சேர்ந்த 35 ஏக்கரையும், வடக்குப் பொதுநிலத்தில் இருந்த 18 ஏக்கர் மேய்ச்சலையும் தம்பி பீட்டரிடமிருந்து வாங்கிவிட்டார். விலை 440 பவுண்டு. குறைந்த பங்கு வாங்கிய மூத்தவன், படிப்பால் சம்பாதித்த வக்கீல் பணத்தைக் கொடுத்து, பிறந்த வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இதில் ஒரு வார்த்தைகூடக் கசப்பு இல்லை. அடுத்த பத்தியிலேயே எந்த நிலத்தில் என்ன சீர்திருத்தம் செய்யலாம், எங்கே கல் பொறுக்க வேண்டும், எங்கே எரு போட வேண்டும் என்று ஆரம்பித்துவிடுகிறார் என்பதுதான் அவருடைய சுபாவம். பிற்காலத்தில் லண்டனில் தூதராக இருந்தபோதுகூட வழியில் ஒரு எருக்குவியலைப் பார்த்து நின்று, அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராய்ந்து, நம் ஊர் எரு இதைவிட மேல் என்று குறித்துவைத்த மனிதர். கோரைப்புல் அறுத்த பையன் எங்கேயும் போய்விடவில்லை.

எலிஹு 1775-இல் குடிப்படையின் கேப்டனாக இருந்தபோது வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். பீட்டர் 1823 வரைக்கும் இருந்தார், கடைசிவரை அதே ஊரில். அண்ணன் அதிபராகி, தோற்று, திரும்பி வந்து விவசாயம் பார்த்த காலத்திலும் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

அக்காவின் கேள்விக்கு இது ஒரு பதில் என்று நினைத்தேன். கணக்கை முடித்துக்கொண்ட பிறகும் அண்ணன் தம்பியாக இருக்க முடியும். முடித்துக்கொண்டதால்தான் 440 பவுண்டைக் கையில் கொடுத்து, சங்கடமில்லாமல் வாங்கவும் விற்கவும் முடிந்தது. பீட்டர் மனதில், நான் வயலில் கிடந்தபோது நீ படித்தாய் என்று ஒன்று இருந்திருக்கலாம். ஆனால் அதை அப்பாவே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஜானிடம் அவர் கேட்க எதுவும் இல்லை, ஜான் குனிந்து நிற்கவும் வேண்டியதில்லை.

இருந்தாலும் இந்தப் பதில் முழுசாக இல்லை. என் எக்செல்லில் காலியாக இருக்கும் அந்த இரண்டாவது நிரல் டீக்கனின் உயிலிலும் காலிதான். அவர் படிப்புக்கு ஆன செலவைத்தான் கழித்தார். படிப்பு கிடைக்காமல் போனவர்களுக்கு என்ன நஷ்டம் என்று அவரும் கணக்குப் போடவில்லை. பீட்டருக்கும் எலிஹுவுக்கும் லத்தீன் பிடிக்குமா என்று யாராவது சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்களா? ஒருவன்தான் போக முடியும், மூத்தவன் போனான். நிலத்தை அதிகமாகக் கொடுத்து அதைச் சரிக்கட்டலாம் என்று டீக்கன் நம்பினார். அவர் காலத்தில் நிலம்தான் பெரிது, அதனால் அந்த நம்பிக்கை பொய் இல்லை. இந்தக் காலத்தில் ஒரு தரைவீட்டின் மூன்றில் ஒரு பங்கு எதைச் சரிக்கட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரைக்கும் நான் சொன்ன கணக்கில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள்.

டீக்கனின் மனைவி சூசன்னா. பாஸ்டனில் பேர்பெற்ற பாய்ல்ஸ்டன் குடும்பத்துப் பெண். ஜான் ஆடம்ஸ் தன் அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். உயிலின் பிரதியில்கூடத் தன் கைப்பட ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார்: அப்பா கல்லூரிக்குப் போகாவிட்டாலும் நல்ல கல்வி உள்ளவர், ஊர்க்காரியங்களை இருபது வருஷம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்தவர், தெரிந்த இடமெல்லாம் மதிக்கப்பட்டவர், ஆனால் தெரிந்த இடம் அவ்வளவு பெரிதல்ல என்று. கேலியும் பாசமும் கலந்த குறிப்பு. அம்மாவைப் பற்றி அவர் எழுதியது மிகக் கொஞ்சம். மகன் அதிபராகப் பதவியேற்றது 1797 மார்ச்சில். சூசன்னா அடுத்த மாதம் இறந்தார்.

அந்தக் காலத்து விதவைக்குச் சட்டம் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னேன். அதிலும் நிலமும் வீடும் அவளுக்குச் சொந்தம் இல்லை. சாகும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. நியூ இங்கிலாந்து உயில்களில் விதவைக்கு எழுதியதைப் படித்தால் ஒரு வீட்டைக் கோடு போட்டுப் பிரித்தது மாதிரி இருக்கும். கிழக்குப் பக்கத்து அறை, நிலவறையில் பாதி, அடுப்பில் ரொட்டி சுட உரிமை, கிணற்றுக்குப் போய்வர வழி, வருஷத்துக்கு இத்தனை வண்டி விறகு, பால் கறக்க ஒரு பசு. எல்லாம் மகன் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் மருமகள் அடுப்பில் இடம் விடமாட்டாள் என்று பயந்துதான் எழுதினார்கள். தன் வீட்டுக் கிணற்றுக்குப் போகத் தனக்கு உரிமை உண்டு என்று ஒரு தாள் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது முப்பது வருஷம் அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தவள் அவள்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கிலும் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று வந்தது. அது முழுச் சொந்தம், அந்த அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆனால் மாமா பேசியபோதும், அக்காவும் நானும் பேசியபோதும், அம்மாவின் பங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படியும் கடைசியில் எங்களுக்குத்தான் என்பது போல இருந்தோம். வீட்டுத் தவணையில் எத்தனை மாதம் அம்மாவின் தையல் காசு போனது என்று என் எக்செல்லில் நிரலே இல்லை.

ஆடம்ஸ் குடும்பக் கதையில் இந்த நிரலை எழுதியவர் ஒரு பெண். டீக்கனின் மருமகள் அபிகெயில்.

1774-லிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் ஜான் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. காங்கிரஸ், பிறகு பிரான்ஸ், ஹாலந்து. நிலத்தைப் பார்த்தது, ஆள் வைத்து உழுதது, வரி கட்டியது எல்லாம் அபிகெயில். நான் இல்லாதபோதுதான் பண்ணை நன்றாக நடக்கிறது என்று ஊர் சொல்லப்போகிறது என்று ஜானே கடிதத்தில் கேலி செய்யும் அளவுக்கு நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து கணவர் அனுப்பிய கைக்குட்டை, ஊசி, துணிமணிகளை விற்றுக் காசாக்கினார். ஜான் அப்பாவைப் போலவே மண்ணைத்தான் நம்பினார்; கையில் காசு வந்தால் நிலம் வாங்கச் சொல்வார். அபிகெயில் அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கினார். லாபம் எதில் அதிகம் வந்தது என்பதைப் பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: கடன்பத்திரத்தில். அந்தப் பணத்தை, என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளும் பணம் என்ற அர்த்தத்தில் கடிதத்தில் குறிப்பிடுவார். சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சட்டப்படி கல்யாணமான பெண்ணின் பணம் கணவனுடையது. மாசசூசெட்ஸ் இதை மாற்றிச் சட்டம் செய்தது 1855-இல். அதற்குள் அபிகெயில் இறந்து 37 வருஷம் ஆகிவிட்டது.

1816 ஜனவரியில், உடம்பு சரியில்லாமல் இருந்த அபிகெயில் உட்கார்ந்து தன் கைப்பட ஒரு உயில் எழுதினார். சட்டத்தின் முன் அது வெறும் காகிதம். கணவன் உயிரோடு இருக்கும்போது, அவனுடைய முறையான சம்மதம் இல்லாமல், மனைவி எழுதும் உயிலுக்கு மதிப்பு கிடையாது. மகன்கள் இருவருக்கும் தன் பிறந்த வீட்டு வழியில் வந்த நிலத்தை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பெண்களுக்குப் பிரித்தார். பேத்திகள், மருமகள்கள், உடன்பிறந்தவர்களின் மகள்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள். பணம், பங்குகள், உடைகள், நகைகள். பேரன்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமான பெண்களுக்குச் சொந்தமாக எதுவும் இருக்க முடியாத காலத்தில், அவர் ஒவ்வொருத்தியின் பெயரையும் எழுதி எதிரில் ஒரு பொருளை வைத்தார்.

1818 அக்டோபரில் அவர் இறந்தார். ஜானுக்கு அப்போது 83 வயது ஆகப்போகிறது. வக்கீல். அந்தக் காகிதம் செல்லாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் அதைச் செல்லாது என்று சொல்லவில்லை. எழுதியபடியே கொடுக்கப்பட்டது.

அபிகெயிலின் அப்பா பாதிரியார் ஸ்மித் 1783-இல் இறந்தபோதும் ஒரு உயில் விட்டுப்போனார். அவர் வீட்டில் ஃபீபி என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தாள். அந்தக் காலத்துப் பட்டியல்களில் பசுவுக்கும் கட்டிலுக்கும் எதிரில் விலை இருப்பது போல மனிதர்களுக்கு எதிரிலும் விலை இருக்கும். அந்த உயில் ஃபீபியை விடுதலை செய்தது. அடுத்த வருஷம் அபிகெயில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, டீக்கன் விட்டுப்போன வீட்டின் பொறுப்பை ஃபீபியிடமும் அவள் கணவனிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு குடும்பத்தின் மூன்று உயில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கணக்கில் யார் பொருளாக இருக்கிறார், யார் வாரிசாக இருக்கிறார், யார் இல்லவே இல்லை என்பது ஒவ்வொரு முறை எழுதும்போதும் கொஞ்சம் நகர்ந்திருப்பது தெரிகிறது. தானாக நகரவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் நகர்ந்தது.

நில அலுவலகத்தில் நாங்கள் கடைசியில் சட்டப்படியே மூன்று பங்காகப் பதிவு செய்தோம். அக்கா வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் பங்கு யாருக்கு என்று நான் உயில் எழுதிவிட்டேன், எனக்கு இன்னும் 30 வயதுகூட ஆகவில்லை என்று நண்பர்கள் சிரித்தாலும். அக்காவுக்கும் அவள் மகளுக்கும். எதற்காக என்று காரணத்தையும் அதில் ஒரு வரியில் எழுத வேண்டும் என்று சொன்னபோது, அது தேவையில்லாத வரி, சட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்றார் வக்கீல். இருக்கட்டும் என்றேன். 48 மாதம், 14,400 வெள்ளி, அப்புறம் தொகை போட முடியாத ஒன்று என்று எழுதச் சொன்னேன். அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. அம்மாவிடம், நீங்களும் ஒன்று எழுதுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "எனக்கு என்னடா இருக்கு எழுத" என்றார். அதைத்தான் முதலில் உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கிறது.

பிரெய்ன்ட்ரீயின் அந்தப் பகுதி இப்போது குவின்சி என்ற நகரம். டீக்கன் பிரித்துக்கொடுத்த இரண்டு வீடுகளும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பீட்டருக்குப் போன வீட்டில் ஒரு அதிபர் பிறந்தார். குறைந்த பங்காக ஜானுக்கு வந்த வீட்டில் 1767-இல் பிறந்த மகன் ஜான் குவின்சியும் பிறகு அதிபரானார். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இரண்டையும் பராமரிக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி எப்போதோ தெருக்களாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டது.